கயிற்றின் மறுமுனையில்

கால்நடை மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. பம்பரம் என்பார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவர் பம்பரம்தான். ஒரு இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டைக்கூட டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே முடித்துவிடுவார். நாற்காலியைக் காட்டினால், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

உதவியாளர் வேலை. மிரண்டு நிற்கும் காளையை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து அடக்குவது, கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட பசுவுக்கு டாக்டரோடு சேர்ந்து தோள்வரை கையை விட்டு இழுப்பது, சேற்றில் உருண்ட எருமையைக் கழுவி ஊசிக்கு நிறுத்துவது, இதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. மாடு முட்டி ரத்தம் கட்டியிருக்கிறது, உதை வாங்கி விலா எலும்பில் விரிசல் விழுந்திருக்கிறது. அதற்கெல்லாம் அசரமாட்டார். நாய் வந்தால் மட்டும் அவரைக் காணமுடியாது. தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்பார், வைக்கோல் வண்டி வந்துவிட்டது என்பார். அவர் போன பிறகு அந்த நாயைப் பிடிக்க மருந்தறை அக்கா வந்து நிற்பார். மருந்துகளைப் பார்த்துக்கொள்வதுதான் அந்த அக்காவின் வேலை. ஆனாலும் வந்து நிற்பார்.

பம்பரத்துக்கு நாய் என்றால் பயம். சாதாரண பயம் இல்லை. தூரத்தில் குரைத்தாலே உள்ளங்கை ஈரமாகிவிடும்.

சின்ன வயதில் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் துரத்தியது. ஓடிப்போய் அங்கே நின்ற ஒரு லாரியின் கூரைமேல் ஏறிவிட்டார். நாய் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டது. பொழுது சாயும்வரை அது எழுந்திருக்கவில்லை, அவரும் இறங்கவில்லை. கடைசியில் லாரிக்காரர் வந்து, "நிழலுக்குப் படுத்திருக்கு, அதுக்குப் போயி..." என்று சிரித்தார். தெருவே சிரித்தது. கடித்திருந்தாலாவது தழும்பைக் காட்டிச் சொல்லலாம். கடிக்காத நாய்க்குப் பயந்த கதையை யாரிடம் சொல்வது? கால்நடை மருத்துவமனையில் வேலை கிடைத்த பிறகு சொல்லவே முடியாமல் போயிற்று. மனைவிக்கு மட்டும் தெரியும்.

மருத்துவமனையில் ஆண்டுக்கொரு முறை இளைஞர்களுக்கு ஒரு தேர்வு நடக்கும். ஆடு மாடு கோழி வளர்ப்பில், நாய் பூனை வளர்ப்பில் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று சோதிக்கும் தேர்வு. பேப்பரும் பேனாவும் கிடையாது. வளாகத்தில் மேசை மேசையாகப் போட்டிருக்கும். ஒரு மேசையில் தீவனங்கள், கையில் அள்ளிப் பார்த்து எது எதற்கு என்று சொல்லவேண்டும். ஒன்றில் முட்டைகள், வெளிச்சத்தில் பிடித்துக் கரு இருக்கிறதா என்று சொல்லவேண்டும். ஒரு இடத்தில் ஆடு நிற்கும், பல்லைப் பார்த்து வயது சொல்லவேண்டும். பசுவின் மடியைக் கழுவிப் பால் கறந்து காட்டவேண்டும். முயலைத் தூக்கிக் காட்டவேண்டும். காதைப் பிடித்துத் தூக்குபவர்களுக்கு மதிப்பெண் போய்விடும். ஒவ்வொரு மேசைக்கும் ஆள் ஆளாக வந்து போவார்கள்.

அந்த முறை புதிதாக ஒரு நாய் மேசையும் சேர்ந்தது. அது சின்ன டாக்டரின் யோசனை. சின்ன டாக்டர் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத இளம்பெண். வண்டியில் அடிபட்டுக் கொண்டுவந்து போட்டிருந்த ஒரு பழுப்பு நாயைத் தேற்றி நடக்க வைத்திருந்தார். அந்த நாயைத் தனக்குத் தரும்படி கேட்டுக் கடிகாரக் கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். தனியாக இருப்பவர், வளர்த்த நாய் செத்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்றார். தேர்வன்று சாயங்காலம் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. அதற்குள் பிள்ளைகளுக்கும் இதையே கேள்வியாக வைத்துவிடலாம் என்று சின்ன டாக்டர் நினைத்தார். நாயைத் தொடாமல் கவனிக்கவேண்டும். அது என்ன மனநிலையில் இருக்கிறது, இதை ஒரு வீட்டுக்குக் கொடுக்கலாமா, ஏன், சொல்லவேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

காலையில் பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். நாயைப் பிடிக்கவேண்டிய பையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. மருந்தறை அக்கா முயல் மேசையில் இருந்தார். பெரிய டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பம்பரம் அப்போதுதான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"பம்பரம்! அந்த வாளியக் கீழ வை. நாய் மேசைக்குப் போ."

"சார், பசுவுக்குத் தண்ணி..."

"பசு குடிச்சுக்கும். நீ சும்மா கயித்தைப் பிடிச்சுட்டு நின்னாப் போதும். காளையவே பிடிக்கிறவன், உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போய் நின்றார்.

சின்ன டாக்டர் கயிற்றை நீட்டினார். அதை வாங்கிக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார் பம்பரம். நாய் அதுவரை வேப்பமரத்தடியில் கால் நீட்டிப் படுத்திருந்தது. கயிறு இறுகியதும் எழுந்து உட்கார்ந்தது. அவரை ஏறிட்டுப் பார்த்தது. அவர் மதில் சுவரைப் பார்த்தார்.

முதல் பையன் வந்தான். அதற்குள் நாயின் வால் கால்களுக்கு நடுவே போய்விட்டது. காதுகள் பின்னால் ஒட்டியிருந்தன. தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டது, சும்மா சும்மா மூக்கை நக்கிக்கொண்டது.

"இது சரியில்லாத நாய் மேடம். வீட்டுக்குக் குடுக்கக் கூடாது" என்றான்.

அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அடுத்தவன் ஒரு அடி முன்னால் வைத்தான். நாய் தொண்டைக்குள் உறுமியது. பம்பரத்தின் கை தானாகக் கயிற்றைச் சுண்டியது. உறுமல் பெரிதாயிற்று. பையன் பின்வாங்கினான். "கடிக்கிற நாய்" என்றான்.

சின்ன டாக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. நேற்றுவரை மடியில் தலை வைத்துப் படுத்த நாய் அது. கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறதோ, அடிபட்டதில் புத்தி ஏதும் பேதலித்துவிட்டதோ என்று யோசித்தார். பம்பரத்துக்கு யோசிக்கவே தெம்பில்லை. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றார். முதுகில் சட்டை ஒட்டிவிட்டது.

வரிசையில் பாதிக்குமேல் போன பிறகு ஒரு பெண் வந்தாள். வாத்து வளர்ப்பவள். காலையில் பேர் கொடுக்கும்போதே, "வாத்து மட்டும்தான் தெரியும், பரவாயில்லையா?" என்று கேட்டுக் கொண்டு வந்தவள். பாவாடை ஓரத்தில் காய்ந்த சேறு. நாயை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பம்பரத்தைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி நாயைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றார் சின்ன டாக்டர்.

"நாயைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். கயிறு பிடிச்சிருக்கிற அண்ணன் பயந்துட்டு இருக்காரு. அவரு கொஞ்சம் தள்ளிப் போகட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சின்ன டாக்டர் திரும்பினார்.

"அப்படியாண்ணா?"

அந்த நொடியில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பம்பரத்துக்கு லாரியின் கூரை ஞாபகம் வந்தது.

"எனக்கா? நல்லாருக்கே! எருமை, காளை எல்லாம் என் கையில பூனை மாதிரி நிக்குது. நாய்க்குப் போயி..." என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்மா" என்றார் சின்ன டாக்டர்.

"இதான் மேடம் பதில்."

"வேற எதுவும் சொல்றதுக்கு இல்லையா?"

"இல்ல."

அவள் போய்விட்டாள். அந்த மேசையில் அவளுக்கு மதிப்பெண் ஒன்றும் விழவில்லை.

வரிசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு விட்டதும் நாயைக் கொட்டகையில் கட்டினார்கள். பம்பரம் டப்பாவைத் திறந்து மூடிவிட்டார். கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடந்தார், கிணற்றிலிருந்து தீவன அறைக்குப் போனார். அங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். வராந்தாவைத் தாண்டும்போது உள்ளே சின்ன டாக்டர் பேசுவது கேட்டது.

"ஒரு பொண்ணைத் தவிர வந்த பிள்ளைங்க எல்லாருமே கொடுக்க வேண்டாம்னு சொல்றாங்க சார். நானே கண்ணால பாத்தேன், உறுமுது. தனியா இருக்கிற மனுஷன், ஏதாவது ஆயிடுச்சுன்னா? சாயங்காலம் வந்தா வேண்டாம்னு சொல்லிடலாம்."

"பாவம்தான். என்ன பண்றது" என்றார் பெரிய டாக்டர்.

பம்பரம் வாசலுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார். மனைவி தையல் கடை வைத்திருப்பவர். எந்திரத்தின் சத்தம் நின்றது.

"என்ன, நடுப்பகல்ல போன்? எதுவும் முட்டிடுச்சா?"

"இல்ல. நாயைப் பிடிக்க விட்டுட்டாங்க."

"அய்யோ. கடிச்சிடுச்சா?"

"இல்ல இல்ல." நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல நடை வேகமாயிற்று. மதிலை ஒட்டி மூன்று தடவை சுற்றிவிட்டார்.

அந்தப் பக்கம் கத்தரிக்கோலை மேசைமேல் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "இருங்க இருங்க. உங்களுக்கு நாய்னா பயம்னு அங்க யாருக்குமே தெரியாதா? இத்தனை வருஷமாவா?" என்றார்.

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். அந்தப் பொண்ணு பாத்ததைப் பாத்தபடி சொல்லிட்டுத் தோத்துப் போயிருக்கு. அந்த நாய்க்குக் கிடைக்க இருந்த வீடும் போகப் போவுது. நீங்க என்னடான்னா எங்கிட்ட வந்து சொல்லிட்டு இருக்கீங்க. நானா மார்க் போடுறேன்? வைங்க போனை."

வைத்துவிட்டார். இல்லை, மனைவியே வைத்துவிட்டார்.

உள்ளே போனபோது டாக்டர்கள் இருவரும் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மருந்தறை அக்கா பக்கத்தில் நின்று வாசித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பம்பரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், அந்த வாத்துக்காரப் பொண்ணு சொன்னது நெசம்."

"எந்தப் பொண்ணு? என்ன சொல்லுச்சு?"

"நான் பயந்துட்டு இருந்தேன் சார். எனக்கு நாய்னா பயம். எப்பவுமே பயம். நாய் மேல தப்பில்ல."

பெரிய டாக்டர் முதலில் சிரித்தார். கேலி பண்ணுகிறான் என்று நினைத்தார். பம்பரத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "டேய், நீ வேலை பாக்குறது என்ன இடம்டா?" என்றார். மருந்தறை அக்கா வாசித்துக்கொண்டிருந்த பட்டியலை மேசைமேல் வைத்தார்.

சின்ன டாக்டர்தான் முதலில் எழுந்தார். "காலையில கேட்டப்ப ஏண்ணா சொல்லல?"

"வாய் வரல மேடம்."

"இப்ப மட்டும் நீங்க சொல்றதை வச்சு எப்படி முடிவு பண்றது? மறுபடியும் பாத்துடுவோம். எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும். நீங்களும் நிக்கணும். நிப்பீங்களா?"

நிற்பதா? தலையை ஆட்டிவிட்டார்.

ஆனால் வாத்துக்காரப் பெண் அங்கே இல்லை. முடிவு சொல்லும்வரை இருக்காமல் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பம்பரம் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிப் பறந்தார். நிழற்குடையின் கீழே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா, வா. மறுபடி தேர்வு வைக்கிறாங்க."

"வேணாம். இருட்டுறதுக்குள்ள வாத்து அடைக்கணும்."

"நானே கொண்டுபோய் வீட்டுல விடறேன்."

"நீங்க பொய் சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். உள்ள போய் இப்பதான் உண்மையச் சொல்லிட்டு வர்றேன்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "திட்டுனாங்களா?"

"இனிமேதான் திட்டுவாங்க. எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"காக்கா வந்தா என் வாத்துங்க காக்காவப் பாக்காது, என்னைத்தான் பாக்கும். நான் சும்மா இருந்தா அதுங்களும் சும்மா இருக்கும். அந்த நாய் உங்களைத்தான் பாத்துட்டே இருந்துச்சு. நீங்கதான் அதைப் பாக்கவே இல்ல." பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "மெதுவாப் போங்க. வர்றப்ப தாறுமாறா வந்தீங்க."

வளாகத்தில் எல்லோரையும் வட்டமாக நிறுத்தியிருந்தார்கள். சின்ன டாக்டர் நாயைக் கூட்டிவந்து கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நாய் சுற்றிலும் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் வாய் திறந்து நாக்கு வெளியே வந்தது. பிறகு உட்கார்ந்தது. வால் மண்ணை இரண்டு பக்கமும் கூட்டித் தள்ளியது.

"இப்ப நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சின்ன டாக்டர் பம்பரத்தைக் கூப்பிட்டார்.

அவர் நடந்து போனார். கயிறு கை மாறியது. நாய் எழுந்தது. காது பின்னால் போயிற்று, வால் உள்ளே போயிற்று. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"என்ன மாறுச்சு?" என்றார் சின்ன டாக்டர். "நாய்கிட்ட என்ன மாறுச்சுன்னு கேக்கல. இவர்கிட்ட என்ன தெரியுது?"

ஒரு பையன், "கயித்தைக் கையில சுத்தியிருக்காரு மேடம், இறுக்கமா" என்றான்.

"மூச்சைப் பிடிச்சிட்டு இருக்காரு."

"நாயைத் தவிர எல்லாத்தையும் பாக்குறாரு."

"காலு ஓடப்போற மாதிரியே நிக்குது."

சிரிப்பு எழுந்தது. பம்பரமும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வாழ்நாளில் அவரை இத்தனை பேர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. எதை மறைத்து மறைத்து ஓடினாரோ அதை ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காது சுட்டது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்காமல் நின்றார்.

வாத்துக்காரப் பெண் வட்டத்திலிருந்து சொன்னாள்: "அண்ணா, அந்தச் சுத்தை மட்டும் அவுத்துவிடுங்க."

அவிழ்த்தார். கயிறு தொங்கியது. நாய் ஒரு அடி பின்னால் போய், அங்கே நின்றுகொண்டது. அவ்வளவுதான். ஓடிவந்து அவர் கையை நக்கவெல்லாம் இல்லை. ஆனால் உறுமவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் கடிகாரக் கடைக்காரர் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அவர் முன்னால் வந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாயைக் கூப்பிடக்கூட இல்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய் மெல்ல வந்து அவர் முழங்காலை மோந்தது. "போலாமா?" என்று கேட்டார். சின்ன டாக்டர் பம்பரத்தின் கையிலிருந்த கயிற்றை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

மதிப்பெண்ணில் ஒரு சண்டை வந்தது. நாய் மேசையை எல்லோருக்கும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, வாத்துக்காரப் பெண்ணுக்கு மட்டும் முழு மதிப்பெண் என்றார் பெரிய டாக்டர். ஒரு பையனின் அப்பா, "அதெப்படி சார், ஆள் பயந்ததுக்கு என் பையன் என்ன பண்ணுவான்?" என்று குரலை உயர்த்தினார். "அதைக் கண்டுபிடிக்கத்தானே சார் தேர்வே" என்றார் சின்ன டாக்டர். அந்த அப்பா சமாதானமாகவில்லை, முணுமுணுத்துக்கொண்டே போனார். இவ்வளவு நடந்தும் அவள் முதலில் வரவில்லை. பசுவின் மடியில் கை வைத்ததும் பசு வாளியை உதைத்துவிட்டது. அந்த மேசையில் மதிப்பெண் சுத்தமாகப் போயிருந்தது. இரண்டாவது வந்தாள். பரிசாகக் கொடுத்த தீவன மூட்டை மாட்டுக்கானது, வாத்துக்கு ஆகாது என்று அங்கேயே சொல்லி மாற்றி வாங்கிக்கொண்டாள். பம்பரம் மூட்டையையும் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார். குளத்தோரம் வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் இறங்கிய வேகத்தில் நன்றிகூடச் சொல்லாமல் ஓடினாள்.

மறுநாள் கேலிக்குத் தயாராகத்தான் வந்தார். கேலியும் நடந்தது. வாசலில் ஒருவன் குரைத்துக் காட்டினான். பெரிய டாக்டர் திட்டவேண்டியதைத் திட்டித் தீர்த்தார். அதெல்லாம் அவர் எதிர்பார்த்ததுதான். மருந்தறை அக்கா பேசாமல் இருந்ததுதான் தாங்கவில்லை. மருந்து கேட்டால் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். இரண்டு மூன்று நாள் அந்த அறை வாசலில் அலைந்து பார்த்துவிட்டு, ஒருநாள் மதியம் உள்ளே போய் நின்றார்.

"ஏதாவது சொல்லுங்கக்கா. திட்டவாவது செய்யுங்க."

அக்கா புடவைத் தலைப்பை ஒதுக்கி முன்கையைக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே வெளுத்த தையல் தழும்பு. சற்றுத் தள்ளி இன்னொன்று.

"இது ஒரு கருப்பு நாய். நீ வைக்கோல் வண்டி வந்துடுச்சுன்னு போன அன்னைக்கு. இது போன மழைக்காலம், தண்ணித் தொட்டி வழியுதுன்னு போனியே, அன்னைக்கு. ஒவ்வொரு தடவையும் நான் என்னன்னு நெனச்சேன் தெரியுமா? இவன் சோம்பேறி, நாய்க்கூண்டு நாறுதுன்னு ஓடுறான்னு நெனச்சேன் தம்பி. இத்தனை வருஷமா உன்னை மனசுக்குள்ள திட்டிட்டே இருந்திருக்கேன். பயமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தக் கருப்பு நாய் வந்தப்ப இன்னொரு ஆளக் கூப்பிட்டிருப்பேன்ல? தனியா நின்னு கடி வாங்கியிருக்க மாட்டேன்ல?"

அந்தத் தழும்புகளைப் பம்பரம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். எப்படி வந்தது என்று கேட்டதே இல்லை.

"என்ன செய்யணும்னு சொல்லுங்கக்கா. செய்யறேன்."

"நாயை நீ பிடிக்க வேணாம். உன்னைப் பாத்தா அதுங்களும் பயந்துக்கும். எனக்குப் பன்னிப் பண்ணைக்குப் போறதுன்னா குலை நடுங்கும். அந்தப் பெரிய தாய்ப்பன்னிங்க வாயைத் திறந்துட்டு வரும் பாரு, சாமி! வாராவாரம் ஊசிக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போறது நான்தான். யாருகிட்டயும் சொன்னதில்ல."

"பன்னியா? அதுங்க சாதுவாச்சேக்கா?"

"உனக்குச் சாது" என்றார் அக்கா. அவ்வளவு நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று.

அந்த வாரத்திலிருந்து பன்றிப் பண்ணை பம்பரத்துக்கு வந்தது. நாய் வந்தால் அவரே வாசலில் வைத்து, "எனக்குப் பயம், அக்காகிட்டப் போங்க. கூட ஒரு ஆளையும் வரச் சொல்றேன்" என்று சத்தமாகச் சொல்வார். பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சொல்லிவிட்டு இன்னமும் நாலு அடி தள்ளித்தான் நிற்கிறார். பண்ணைக்குப் போகிற நாளில் வெயில் ஏறுமுன்னே ஊசிப்பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சேற்றுக்குள் இறங்கி, உறுமிக்கொண்டு வரும் தாய்ப்பன்றியின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு, "வாடி தங்கம், கொஞ்சம் திரும்பு" என்பார். அது திரும்பும்.